கண்டக்டர் நடை

கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி இறந்து பதினோரு மாதம் ஆன பிறகும், தினமும் காலை ஆறே காலுக்குக் குளக்கரைப் பூங்காவில் நடந்துகொண்டுதான் இருந்தார். அதுவும் ஒரு ஜோடிக் காலில் இல்லை, பதினாலு ஜோடிக் கால்களில்.

அந்தப் பதினாலு பேரும் நடுக்குவாதக்காரர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்க்கின்சன் என்று எழுதியிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஆள் தேடுகிறவர்கள், வாசல்படியில் கால் ஒட்டிக்கொண்டு கால்மணி நேரம் நிற்கிறவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் வேப்பமரத்தடியில் வட்டம் கட்டி, மேளம் கொட்டக் கொட்டக் கைதட்டிக் கும்மியடித்தார்கள். மூன்று அடி எடுத்து வைப்பார்கள். அங்கே ஒரு சின்ன நிறுத்தம். பிறகு நாலாவது அடியை லேசாக இழுத்து வைப்பார்கள். கும்மியில் அப்படியொரு நிறுத்தம் கிடையாது. அது ஈஸ்வரமூர்த்தியின் இடது முட்டியிலிருந்து வந்தது. உக்கடத்தில் ஒரு மழைநாளில் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து உடைந்த முட்டி.

வட்டத்துக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் அவர் மனைவி சம்பூர்ணம். செத்துப்போன புருஷனின் நடையைப் பதினாலு பேர் நடக்கிறார்கள், அதில் ஆறு பேர் பெண்கள். வேறொருத்தியாக இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும், இல்லையென்றால் சிரிப்பாவது வந்திருக்கும். சம்பூர்ணத்துக்கு ஒன்றும் வரவில்லை. காப்பி ஃபிளாஸ்கின் மூடியைத் திருகுவாள், இறுகவில்லை என்றால் மறுபடியும் திருகுவாள். பிறகு இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

இந்த ஏற்பாடு ஆரம்பித்து இரண்டு வருஷம் இருக்கும். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து மதிவதனி என்ற இஞ்சினியர் பெண் வீடு தேடி வந்தாள். கையில் ஒரு சின்னப் பட்டை, பிளாஸ்திரி மாதிரி. பிடரியில் ஒட்டிக்கொள்ள வேண்டியது.

"நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு தாளம் ஓடிட்டே இருக்குதுங்கய்யா. அதனாலதான் யோசிக்காம நடக்கறோம். இந்த நோய் வந்தவங்களுக்கு அந்தத் தாளம் விட்டுவிட்டுப் போயிருது. காலுக்குத் தெம்பு இருக்கும், எப்பக் கெளம்பறதுன்னு தெரியாது. இன்னொருத்தரோட தாளத்தை எடுத்து இந்தப் பட்டை வழியா குடுத்தா, கால் கேக்குதுங்க."

ஈஸ்வரமூர்த்தி பட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதாவது விசில் அடிக்கறது நானு, வண்டி ஓட்டறது அவுங்க. முப்பத்தொரு வருசமா அதைத்தானம்மா பண்ணேன்."

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அந்த முப்பத்தொரு வருஷம்தான். ஓடுகிற டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று நின்று, அவர் உடம்புக்கு எந்தக் குலுக்கலிலும் தாளம் தப்பாது. டிரைவரும் கண்டக்டரும் இல்லாமல் பஸ் தானாக ஓடத் தொடங்கிய பிறகு அப்படிப்பட்ட உடம்புகள் ஊரில் அருகிவிட்டன. போதாக்குறைக்கு அவர் மாசியில் ஊருக்குப் போய்க் கும்மியில் முதல் வரிசையில் ஆடுகிற ஆள். மூன்று வாரம் அவரை நடக்கவிட்டு, ஆடவிட்டு, அத்தனையையும் எடுத்துக்கொண்டார்கள். முட்டியின் இழுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்பதைப் பதினாலு பேரும் ஒரே மாதிரி நொண்டிய பிறகுதான் கவனித்தார்கள். தாளத்திலிருந்து அதை மட்டும் பிரிக்க முடியவில்லை.

ஈஸ்வரமூர்த்தி நடையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. தினமும் பூங்காவுக்கு வந்து வட்டத்தில் தானும் ஆடினார். வேடிக்கை பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "பாட்டு போடறாங்க, ஆடறாங்க, ஆனா மூஞ்சில ஒரு சந்தோசத்தையும் காணமே" என்பார்கள். இந்த நோய்க்கு முகத்தைப் பூட்டிவிடும் குணம் உண்டு. உள்ளே என்ன நடந்தாலும் முகம் சுவரைப் பார்த்த மாதிரியே இருக்கும். ஈஸ்வரமூர்த்தி அவர்களிடம் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "மூஞ்சியப் பாக்காதீங்க, காலைப் பாருங்க."

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சம்பூர்ணம் அழவில்லை. பாடையைத் தூக்கும்போதும் அழவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகள் கட்டிக்கொண்டு கதறியபோது, அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கை மெதுவாகத்தான் எழுந்தது. "கல்நெஞ்சுக்காரி" என்று ஒப்பாரிக்கு வந்தவர்கள் வாய் கூசாமல் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்றால் அவர்கள் சொல்வது சரிதானே என்று அவளும் நினைத்தாள்.

காரியம் முடிந்த மறுவாரமே பூங்காவுக்கு வந்துவிட்டாள். ஆனால் வட்டத்துக்குள் வரவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும் வரை கும்மி வட்டத்தில் கால் வைப்பதில்லை. அது அவர்கள் ஊர்ப்பக்க வழக்கம், பூங்காவிலும் யாரும் மீறவில்லை. "பாவம், உக்காந்திருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கு அவர்கள் கொடுத்த வேலை, பட்டையின் மேல்தாளை உரித்து ஒவ்வொருவர் பிடரியிலும் ஒட்டிவிடுவது. ஆரம்பத்தில் பதினாலையும் மேளம் கட்டுவதற்குள் முடித்துவிடுவாள். இப்போதெல்லாம் மேல்தாள் உரிபட மாட்டேன் என்கிறது. "பொறுமையாப் பண்ணு அம்மிணி, நாங்க எங்க ஓடப்போறோம், ஓட முடிஞ்சா இங்க ஏன் வாரோம்" என்பாள் ராமாத்தாள். எழுபது வயது, பதினாலு பேரில் மூத்தவள், வட்டத்துக்கே வாய் அவளுடையதுதான்.

ஒருநாள் திருமலைசாமியின் மனைவி கோமதி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். திருமலைசாமி பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர், வட்டத்தில் ஐந்தாவது ஆள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஆறு மாசமா மனசுலயே வெச்சிருக்கறேன்."

"சொல்லு."

"எங்க வீட்டுக்காரர் இங்க ஆடிட்டு வந்தா அன்னைக்குப் பூரா அந்த நடைலயேதான் இருக்காரு. பட்டையைக் கழட்டுனாலும் சாயங்காலம் வரைக்கும் போறதில்ல. மூணு வெச்சு ஒரு நிப்பு. மூணு வெச்சு ஒரு நிப்பு. நான் தாளிச்சுட்டு இருந்தாலும் என் காது அதையே எண்ணுதுங்கக்கா. இருபத்தெட்டு வருசம் ஒருத்தர் காலடிச் சத்தத்துக்குக் கதவு தொறந்தவ நானு. இப்ப உங்க வீட்டுக்காரர் எங்கூட்டுக்குள்ள நடந்து வாராரு. எனக்குக் கூசுது."

அவள் அழுதாள். சம்பூர்ணத்துக்கு அதைப் பார்க்க அதிசயமாக இருந்தது. இவளுக்கு அந்த நடை இவ்வளவு செய்கிறது, நமக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று மட்டும் நினைத்தாள். கோமதி மூக்கைச் சிந்தினாள். "நடக்காம இருக்கறதுக்கு இது தேவலாம்னு இருந்தனுங்க. இப்ப வேற நடை வந்திருக்குதாமா. மதிவதனிகிட்டப் பேசியிருக்கறோம். ஒம்பது வீட்டுக்காரங்க சேந்து எழுதிக் குடுத்திருக்கறோம். உங்களுக்குத் தெரியாம பண்ணக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மதிவதனி வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "அம்மா, பால் தீயுது பாருங்க." உள்ளே ஓடி அடுப்பை அணைத்ததும் அவளேதான். பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. வீடெல்லாம் புகை. சம்பூர்ணம் அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியல கண்ணு. ஏதோ யோசனை."

மதிவதனி அதற்கு மேல் கேட்கவில்லை. துக்க வீட்டில் பால் தீய்வது ஒரு பெரிய விஷயமா. அவள் பலகை போன்ற ஒரு கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

"ஆயிரத்தி இருநூறு பேர் நடையைக் கலந்து ஒரு பொது நடை செஞ்சிருக்காங்கம்மா. அதுல யாரோட சாயலும் இருக்காது. வீட்ல யாருக்கும் சங்கடமில்ல. ஆனா அதை மாத்தணும்னா ஐயாவோட நடையை அழிக்கணும். நடை குடுத்தவரு இல்லீன்னா அவரோட வாரிசு சம்மதிக்கணும்னு சட்டம்."

"சம்மதிக்கலீன்னா?"

"இன்னும் அஞ்சு வருசம் இப்படியே இருக்கும். உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா ஒண்ணு, அழிச்சா அழிச்சதுதான். ஒரு ஆளோட நடையை அனுமதியில்லாம எங்கயும் ஒளிச்சு வெச்சுக்கக் கூடாது. அப்பறம் நீங்களே வந்து கேட்டாலும் எங்ககிட்ட இருக்காது. ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

சம்பூர்ணம் யோசித்தாள். அவளுக்குத் தோன்றிய கணக்கு எளிமையானது. அந்த நடையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதன் மேல் ஆசை இருக்க வேண்டும். கோமதிக்கு அதன் மேல் வெறுப்பாவது இருக்கிறது. பதினோரு மாதமாகத் தினமும் உட்கார்ந்து பார்த்தும் தனக்கு ஒரு இழவும் தோன்றவில்லை. தோன்றாதவளுக்கு அது எதற்கு? இன்னொருத்தி வீட்டில் கூச்சத்தை உண்டாக்கிக்கொண்டு?

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது. குடு, போட்டுடறேன்."

விரலால் திரையில் கையெழுத்துப் போட்டாள். பலகை சிவப்பாக மின்னியது. மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு. நடையைக் கொடுத்தபோது சாட்சியாக அவள் போட்ட பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். பழையது திரையின் அகலத்துக்கு நீண்டிருந்தது. இன்றைக்குப் போட்டது கடுகு கடுகாக, போகப் போகச் சுருங்கி, கடைசி எழுத்து புள்ளியாக நின்றது.

"பரவால்லீங்கம்மா, ரேகை வெச்சிருங்க. அது போதும்" என்றாள் மதிவதனி. அவளுக்கு அடுத்து இரண்டு வீடு போக வேண்டியிருந்தது.

சம்பூர்ணம் கட்டைவிரலை வைத்தாள். பச்சை வந்தது. அன்று மாலையே அழித்துவிட்டோம் என்று போனில் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போனவள், நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். எதற்கு வந்தோம் என்று மறந்த மாதிரி இருந்தது. மறக்கவில்லை, கால்தான் வரவில்லை. பிறகு வந்தது.

மறுநாள் பொது நடை. வழவழவென்று இருந்தது. பதினாலு பேரும் தடங்கலில்லாமல் சுற்றி வந்தார்கள். கோமதி புருஷனின் நடையைப் பார்த்துக் கைதட்டினாள். ராமாத்தாள்தான் காப்பி குடிக்கும்போது முணுமுணுத்தாள்.

"நல்லாத்தான் போகுது. ஆனா ஆரோடதுன்னே தெரியல. ஆளில்லாத ஊட்டுல குடியிருக்கற மாதிரி இருக்குது. மூணாவது அடியில எங்காலு தானா நிக்கப் பாக்குது, இது வுடமாட்டீங்குது."

சம்பூர்ணம் வட்டத்தைப் பார்த்தாள். இப்போது ஈஸ்வரமூர்த்தி எங்கேயும் இல்லை. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஃபிளாஸ்கைக் கழுவி வைத்தாள்.

அடுத்த மாதம் வருஷம் திரும்பியது. திதி கொடுத்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள் மகள். மறுநாள் காலை சம்பூர்ணம் பெஞ்சில் உட்காரப் போனபோது ராமாத்தாள் வழிமறித்தாள்.

"எங்க உக்கார்ற? வருசம் திரும்பிருச்சல்லொ, வட்டத்துக்கு வா. ஈசுவரமூர்த்தி சம்சாரம் கும்மியடிக்கத் தெரியாதவன்னு பேராயிரப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். திருமலைசாமிக்கும் ராமாத்தாளுக்கும் நடுவில் இடம் விட்டார்கள். மதிவதனியும் அன்று வந்திருந்தாள். கோமதி பெஞ்சுப் பக்கம் நின்று பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் போய் நின்றாள். மேளம் கொட்டியது. வட்டம் நகர்ந்தது.

சம்பூர்ணம் நகரவில்லை.

வலது காலைத் தூக்கச் சொன்னாள். அது கேட்கவில்லை. குதிகால் மட்டும் படபடவென்று அடித்தது, விரல் தரையை விட்டு எழவில்லை. முன்னால் போன ராமாத்தாள் தள்ளிப் போய்விட்டாள். பின்னால் வந்த திருமலைசாமி மோதிக்கொள்ளாமல் நின்றார். வட்டம் அறுந்தது. மேளக்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

வெளியாள் யாராவது இருந்திருந்தால், புருஷன் ஞாபகத்தில் திகைத்து நிற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். இந்தப் பதினாலு பேரும் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் யாரும் அவள் முகத்தையே பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள். அந்தக் கால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றாகத் தெரிந்த கால். ஒரு வருஷமாகத் தங்கள் கண்முன்னால் உட்கார்ந்திருந்தவளை நடக்கவிட்டுப் பார்க்கத் தோன்றாமல் போயிற்றே என்று திருமலைசாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

ராமாத்தாள் திரும்பி வந்து, சம்பூர்ணத்தின் இடது கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். அது பல்சக்கரம் மாதிரி விட்டுவிட்டு அசைந்தது.

"காப்பி வாசம் தெரியுதா உனக்கு?"

"இல்ல."

"எத்தன நாளா?"

சம்பூர்ணம் யோசித்தாள். "அவர் இருக்கறப்பவே."

"எல்லாருக்கும் இந்த நோவு கை ஆடித்தான் வரும்னு இல்ல அம்மிணி. எனக்கும் ஆடல. மொதல்ல மோப்பந்தான் போச்சு. அப்பறம் மூஞ்சி." ராமாத்தாள் அவள் கையை விடவில்லை. "ஈசுவரமூர்த்தி போனப்ப உனக்கு அழுவாச்சி வரலீல்ல?"

"வரல. கல்நெஞ்சுன்னாங்க. அப்பிடித்தான் போலன்னு நானும் இருந்துட்டேன்."

"வந்திருக்கும். மூஞ்சி வரைக்கும் வந்து சேந்திருக்காது."

சம்பூர்ணத்துக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆறுதலாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் எங்கேயோ பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தோன்றியது: அந்த ரேகையை வைத்திருக்கக் கூடாது. இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு உறுதியாகத் தோன்றியது அது ஒன்றுதான்.

மதிவதனி ஓடி வந்திருந்தாள். "அம்மா, அந்தக் கையெழுத்து. பலகை ரெண்டு தடவ சொல்லுச்சு. நான்... எனக்கு நேரமாயிருச்சுன்னு ரேகை வெக்கச் சொன்னேன். பால் வேற தீஞ்சுது. தெனமும் பாக்கற நோயி, நான் பாத்திருக்கணும்."

"அழிச்சதத் திருப்பி எடுக்க முடியாதா கண்ணு?"

முடியாது என்று மதிவதனி தலையை ஆட்டினாள். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, மேல்தாளை உரித்து, சம்பூர்ணத்தின் பிடரியில் ஒட்டினாள். பொது நடை. எல்லோரும் காத்திருந்தார்கள். குதிகால் இன்னும் வேகமாகப் படபடத்தது, அவ்வளவுதான்.

"ஒடம்புக்குப் பழகணும். அளவெடுத்து ஏத்தறதுக்கு ஒரு வாரமாவது ஆகும்" என்று பட்டையை எடுத்துவிட்டாள். "இப்போதைக்கு யாராவது தூக்கித்தான் பெஞ்சுக்கு..."

"இருங்க" என்றது ஒரு குரல். கோமதி. பைகளைக் கீழே போட்டுவிட்டு வட்டத்துக்குள் வந்திருந்தாள்.

அவள் சம்பூர்ணத்தின் பக்கத்தில் நின்று, அவள் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், கொஞ்சம் வெட்கத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டே மூன்று அடி நின்ற இடத்திலேயே மிதித்தாள். நின்றாள். நாலாவது அடியை இழுத்து வைத்தாள். மறுபடி மூன்று. நிறுத்தம். இழுப்பு.

மேளக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது அச்சு அசல் ஈஸ்வரமூர்த்தி. பட்டை ஒட்டிய பதினாலு பேரில் யாரும் அதை இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

"ரெண்டு வருசம் காதுல எண்ணிட்டே கெடந்தனுங்கக்கா. போயித் தொலையட்டும்னு எழுதிக் குடுத்தேன். மிசின்ல இருந்து போயிருச்சு, எங்கிட்டருந்து போகல" என்றாள் கோமதி. "வாங்க. மூணு வெச்சு ஒரு நிப்பு. அவ்வளவுதான். வாங்க."

சம்பூர்ணம் தன் வலது கால் எழுவதைப் பார்த்தாள். அவள் எழச் சொல்லவில்லை. ஒரு அடி. இரண்டு. ராமாத்தாள் மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்ட, மேளம் மெதுவாகத் தொடங்கியது. மற்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அறுந்த இடம் மறுபடி சேர்ந்தது. அரை வட்டம் போனதும் கோமதி பக்கவாட்டில் திரும்பிச் சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதுவுமே இல்லை. பால் தீய்ந்த அன்று இருந்த அதே முகம்.

"அக்கா, ஏதாச்சும் தெரியுதாக்கா உங்களுக்கு? இது அவர் நடைதானுங்க. தெரியுதா?" என்று கேட்டாள் கோமதி.

"அவ மூஞ்சியப் பாக்காத" என்றாள் முன்னால் போன ராமாத்தாள். "காலைப் பாரு."

கோமதி கண்ணீரோடு குனிந்து காலைப் பார்த்தாள். பார்த்த அவசரத்தில் மூன்றாவது அடியில் நிற்க மறந்து முன்னே போய்விட்டாள்.

சம்பூர்ணம் நின்றாள். பிறகு நாலாவது அடியை இழுத்து வைத்தாள்.